பதிவேட்டிலிருந்து வரிசைக்கு

வருகைப் பதிவேடு என்றால் என்ன என்று கேட்டால் நம் பள்ளியின் முதல் வகுப்புக் குழந்தையும் சொல்லிவிடும். கோடு போட்ட நீளப் புத்தகம்; இடப்பக்கம் எண், அதை அடுத்துப் பெயர், அப்புறம் நாள் நாளாகக் கட்டங்கள். ஆனால் அது மேசைமீது மூடிக் கிடக்கும்போது ஒருவருக்கும் பயனில்லை. வகுப்பாசிரியை அதைத் திறந்து, முதல் பெயரின் கீழே அடிக்கோலை வைத்து, பெயரைக் கூப்பிட்டு, "உள்ளேன் டீச்சர்" என்ற குரல் கேட்டதும் அடிக்கோலை ஒரு வரி கீழே இறக்குகிறாரே, அப்போதுதான் பதிவேடு வேலை செய்யத் தொடங்குகிறது. கட்டங்களாக எழுதி வைத்திருப்பது ஒரு காரியம். அதையே ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிடத்தக்க வரிசையாக மாற்றுவது வேறொரு காரியம். கணிப்பொறியிலும் இவை இரண்டும் வேறு வேறுதான். இவற்றுக்கு நடுவே உள்ள பாலத்தைப் பற்றியே இங்கே எழுத முனைந்தோம்.

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு வந்த புதிய பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில், பைத்தான் மொழியையும் எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளத்தையும் இணைக்கும் பாடம் ஒன்று கடைசிப் பகுதியில் இருக்கிறது. பொதுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் வரும் பாடமாதலால் பலர் அதை மனப்பாடம் செய்து, விடைத்தாளில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்களுக்கு அது சற்று வருத்தமே. அந்தப் பாடத்தில் கையாள வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது; தவறாகக் கையாண்டால் ஒரு பெண்ணின் மதிப்பெண்ணே மாறிவிடக் கூடிய விஷயமும் அதில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் நமக்கு ஓர் அட்டவணை வேண்டும். பாடநூலில் உள்ள மாணவர் அட்டவணையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாம் நம் ஊர் அட்டவணை ஒன்றை எடுத்துக்கொள்வோமே! கோவையில் 1912ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தைத் தங்கைகள் அறிந்திருக்கலாம். கோவையின் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூக்கும் என்பது அந்த நிறுவனம் இங்கே அமைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். பூத்தால்தானே ஒன்றோடொன்று கலந்து புது இனம் உண்டாக்க முடியும்? பார்பர், வெங்கட்ராமன் ஆகிய அறிஞர்கள் தொடங்கிவைத்த அந்தப் பணியிலிருந்து பிறந்த கரும்புகள் எல்லாம் 'கோ' என்ற எழுத்தோடு வழங்குகின்றன. 'கோ' என்பது கோயம்புத்தூர். வட இந்தியாவில் கரும்பு நட்ட உழவர்கள்கூட நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் நட்டார்கள் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. 1934ஆம் ஆண்டு இந்நிறுவனத்தில் சேர்ந்து கரும்பின் மரபியலை ஆராய்ந்த ஜானகி அம்மாள், கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தவர். கான்வென்ட் பள்ளியில் படித்த பெண்மணி அவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

நம் அட்டவணையில் நான்கு வரிகள் போதும். ஒவ்வொரு வரியிலும் இனத்தின் பெயர், ஆண்டு, தாய், தந்தை என நான்கு கட்டங்கள். முதல் வரி: கோ 205, 1918, தாய் 'வெள்ளை' என்ற கரும்பு, தந்தை காட்டுக் கரும்பு எனப்படும் நாணல் இனம். இரண்டாவது: கோ 419, 1933, தாய் ஜாவா தீவிலிருந்து வந்த பி.ஓ.ஜே. 2878, தந்தை கோ 290. மூன்றாவது: கோ 86032, 2000, தாய் கோ 62198, தந்தை கோசி 671. நான்காவது: கோ 0238, 2009, தாய் கோ எல்கே 8102, தந்தை கோ 775. மூன்றாவதாகச் சொன்ன கோ 86032 நம் கொங்கு நாட்டுக் கரும்புக்காடுகளில் மிகுதியாகக் காணப்பட்ட இனம். கவுந்தப்பாடிப் பக்கம் வீடுள்ள தோழியர் தங்கள் அப்பாவையோ அப்பாருவையோ கேட்டால் கதையாகவே சொல்வார்கள். கடைசியாகச் சொன்ன கோ 0238 கர்னாலில் உள்ள கிளை நிலையத்தில் உருவாகி, உத்தரப் பிரதேசம் முழுவதும் பரவி, பின்னர் செவ்வழுகல் நோயால் அடிபட்டது.

இப்படிக் கட்டம் கட்டமாகத் தகவலை வைப்பது புதிதல்ல. நம் மளிகைக் கடைக்காரர் பேரேடும் அதுவே. ஆனால் அதற்குக் கணித இலக்கணம் வகுத்தவர் காட் என்னும் அறிஞர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான கட்டுரையில், தரவுத்தளத்தில் உள்ள அட்டவணை என்பது கணிதத்தில் நாம் படிக்கும் 'கணம்' போன்றது என்று காட்டினார். கணத்தில் எது முதல், எது கடைசி என்ற பேச்சே கிடையாது. ஒரு பை நிறையப் புளியங்கொட்டை இருந்தால் முதல் கொட்டை எது என்று யார் சொல்வது? அதுபோலவே அட்டவணையின் வரிகளும். 1974ஆம் ஆண்டு சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர், அதே நிறுவனத்தில், அட்டவணையைக் கேள்வி கேட்பதற்கென்று ஒரு மொழி செய்தார்கள். அதுவே இன்று நாம் எஸ்.கியூ.எல். என்று படிப்பது. அந்த மொழியில் 'எனக்கு இது வேண்டும்' என்று சொன்னால் போதும். எப்படித் தேடி எடுப்பது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

பைத்தான் போன்ற மொழிகளின் குணம் இதற்கு நேர்மாறு. முதலாவதை எடு, செய்ய வேண்டியதைச் செய், அடுத்ததை எடு என்று படிப்படியாகப் போவதே அவற்றின் வழக்கம். ஒருவர் மொத்தமாகப் பேசுகிறார், மற்றவர் சில்லறையாகப் பேசுகிறார். இருவருக்கும் நடுவில் ஒரு தரகர் வேண்டாமா? அந்தத் தரகர்தான் கர்சர்.

கர்சர் என்றதும் திரையில் மினுக்கும் கோட்டை நினைக்க வேண்டாம். இது நாம் முதலில் சொன்ன அடிக்கோல். கேள்வியைத் தரவுத்தளத்துக்கு அனுப்பியதும் கர்சர் விடையின் முதல் வரிக்கு மேலே போய் நிற்கும். 'ஃபெட்ச்ஒன்' என்றால் ஒரு வரியைக் கொடுத்துவிட்டு ஒரு படி கீழே இறங்கும். 'ஃபெட்ச்மெனி' என்று ஓர் எண்ணையும் சொன்னால் அத்தனை வரிகளைக் கொடுக்கும். 'ஃபெட்ச்ஆல்' என்றால் மிச்சம் இருப்பதையெல்லாம் ஒரே லிஸ்டாகக் கொட்டிவிடும். மிச்சம் இருப்பதை என்று சொன்னோமே, அதைக் கவனிக்க வேண்டும். ஃபெட்ச்ஒன் ஒரு முறை சொல்லிவிட்டு ஃபெட்ச்ஆல் சொன்னால் நமக்குக் கோ 419 முதலான மூன்று வரிகளே வரும். கோ 205 ஏற்கெனவே கடந்து போய்விட்டது. வரிகள் தீர்ந்த பிறகு ஃபெட்ச்ஒன் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்ற பொருளில் ஒரு விடை வரும். பைத்தானில் அதற்கு 'நன்' என்று பெயர். நம் சிஸ்டர்களுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை! ஃபெட்ச்ஆல் கேட்டாலோ வெறும் லிஸ்ட் வரும். வெறும் தட்டும் தட்டே இல்லாமையும் ஒன்றாகுமா? எங்கள் வகுப்பில் இதில் குழம்பாதவர் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். நான்கு வரிக்கு அதில் தவறே இல்லை. நாங்கள் அதையே சிபாரிசு செய்வோம், எளிது, தெளிவு. ஆனால் கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேரையும் ஒரே நேரத்தில் இலை போட்டு உட்காரவைக்க மண்டபத்தில் இடம் உண்டா? அதற்காகத்தான் பந்தி. ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி. வரிகள் இலட்சக்கணக்கில் இருந்தால் அத்தனையும் கணிப்பொறியின் நினைவகத்தில் ஒன்றாக உட்கார முடியாது. மெஷின் திணறி நின்றுவிடும். அப்போது ஃபெட்ச்மெனி என்னும் பந்தி முறை உதவும். அல்லது கர்சரையே நேராக 'ஃபார்' சுற்றுக்குள் வைத்துவிடலாம்; ஒவ்வொரு வரியாக வந்துகொண்டே இருக்கும், வந்தது போனதும் அடுத்தது வரும்.

கர்சரை எப்படி நேராக ஃபார் சுற்றுக்குள் வைக்க முடிகிறது என்பதே இந்தப் பாடத்தின் உயிர்நாடி என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பைத்தானுக்கு உள்ளே இருப்பது லிஸ்டா, கர்சரா, கோப்பா என்ற கவலையே இல்லை. 'அடுத்தது கொடு' என்றால் கொடுக்க வேண்டும். தீர்ந்துபோனால் 'தீர்ந்தது' என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு ஒப்பந்தத்துக்கும் கட்டுப்படுவது எதுவானாலும் ஃபார் சுற்றில் நடக்கும். பூக்காரம்மா கூடையிலிருந்து முழம் போட்டுக் கொடுத்தாலும், கடைக்காரர் பந்திலிருந்து அளந்து கொடுத்தாலும் வாங்குகிற நமக்கு ஒன்றுதானே! இந்த எண்ணத்தை ஒரு மொழிக்குள் அழகாக வைத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறோம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பேராசிரியையான பார்பரா லிஸ்கோவ், தம் மாணவர்களுடன் 1970களின் நடுவில் 'குளு' என்ற மொழியை உருவாக்கினார். ஒரு தொகுப்பின் உள்கட்டமைப்பை வெளியே காட்டாமலே அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக வெளியே தரும் வழி அதில் இருந்தது. 2008ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவர் வைத்த வழியின் சாயலைப் பைத்தானில் 2001ஆம் ஆண்டு வந்த 'ஜெனரேட்டர்' என்ற வசதியில் காணலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கர்சர் ஒரு முறைதான் நடக்கும். ஒரு சுற்றில் கரும்பின் பெயர்களை எல்லாம் அச்சிட்டுவிட்டு, அதே கர்சரை இரண்டாவது சுற்றில் வைத்து ஆண்டுகளை அச்சிடப் பார்த்தால் ஒன்றும் வராது. பிழை என்ற செய்தியும் வராது. அட்டவணையே அழிந்துவிட்டது என்று பயப்படும் தோழியர் உண்டு. அட்டவணை பத்திரமாகத்தான் இருக்கிறது. அடிக்கோல் பக்கத்தின் அடியில் போய் நிற்கிறது, அவ்வளவே. மறுபடி கேள்வியை அனுப்ப வேண்டும், அல்லது முதலிலேயே லிஸ்டாக மாற்றி வைத்திருக்க வேண்டும். லிஸ்டை எத்தனை முறை வேண்டுமானாலும் நடக்கலாம்.

வரி ஒவ்வொன்றும் 'டியூபிள்' என்ற உருவில் வருகிறது. அதாவது கட்டங்களின் பெயர் உதிர்ந்துபோய், உள்ளடக்கம் மட்டும் இடவரிசையில் வருகிறது. பூஜ்யத்தில் இருப்பது பெயர், ஒன்றில் இருப்பது ஆண்டு, இரண்டில் தாய், மூன்றில் தந்தை. இப்போது சரி. நாளைக்கு யாரோ அட்டவணையை மாற்றிக் கட்டி, பெயருக்கும் ஆண்டுக்கும் நடுவில் 'மாநிலம்' என்று ஒரு கட்டம் சேர்த்தால் நம் புரோகிராம் தாயின் இடத்தில் ஆண்டைக் காட்டும். ஆகவே 'எல்லாக் கட்டங்களும் வேண்டும்' என்று நட்சத்திரக் குறி போட்டுக் கேட்காமல், வேண்டிய கட்டங்களைப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது. எஸ்க்யூலைட்டில் வரிகளைக் கட்டத்தின் பெயரோடே எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. எங்கள் பாடத்தில் அதற்கு இடம் குறைவு.

வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டவணைக்கு முதல், கடைசி இல்லை என்றோம், லிஸ்டுக்கு உண்டு. ஆகவே எந்த ஒழுங்கில் வேண்டும் என்பதை 'ஆர்டர் பை' என்று நாமேதான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் பெரும்பாலும் நாம் எழுதிய ஒழுங்கிலேயே வந்துவிடுவதால் பலரும் அதை உரிமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் யாராவது வேகத்துக்காக ஓர் 'இண்டெக்ஸ்' சேர்த்தால் ஒழுங்கு மாறிவிடக் கூடும். மாறினால் தரவுத்தளத்தின்மேல் குற்றமில்லை. அது வாக்குக் கொடுக்கவே இல்லையே.

ஆர்டர் பை சொன்னாலும் தமிழுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. கமலா, கவிதா, கற்பகம், கனகா என்று நான்கு பெண்கள். நம் அகராதி ஒழுங்கில் ம, வ, ற, ன என்ற வரிசைப்படி இப்படித்தான் வர வேண்டும். எஸ்க்யூலைட் தன் இயல்பில் எழுத்துகளுக்குரிய குறியீட்டு எண்களை மட்டுமே ஒப்பிடுகிறது. யூனிகோடில் 'ன' என்ற எழுத்து 'ந' வுக்கு அடுத்து, 'ம' வுக்கு முன்னால் இருக்கிறது. 'ற' வோ 'ர' வுக்கு அடுத்து, 'வ' வுக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே கணிப்பொறி தரும் ஒழுங்கு: கனகா, கமலா, கற்பகம், கவிதா. கடைசிப் பெண் முதலாவதாகிவிட்டாள்! கனகா சந்தோஷப்படலாம், நம் தமிழாசிரியை ஒப்ப மாட்டார். இதைச் சரிசெய்ய, வரிகளை லிஸ்டாக எடுத்தபின், நம் நெடுங்கணக்கு ஒழுங்கில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்களைக் கொண்டு பைத்தானில் வரிசைப்படுத்த வேண்டும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக இருப்பதால் அதற்கும் சேர்த்து யோசிக்க வேண்டும். விடுமுறையில் செய்து பார்க்க ஏற்ற வேலை இது.

இனி நாங்கள் முன்னர் சொன்ன மதிப்பெண் விஷயம். ஐந்து பெண்கள் எழுத வேண்டிய ஒரு தேர்வு. நால்வர் பெற்றது 80, 70, 90, 60. ஐந்தாமவள் அம்மை போட்டு வீட்டில் இருந்தாள். அவளுடைய கட்டம் காலி. தரவுத்தளத்தில் காலிக் கட்டத்துக்கு 'நல்' என்று பெயர்; அது பூஜ்யம் அல்ல. சராசரியைத் தரவுத்தளத்திடமே கேட்டால் அது காலிக் கட்டத்தை ஒதுக்கிவிட்டு, 300ஐ நான்கால் வகுத்து 75 என்று சொல்லும். அதே வரிகளைப் பைத்தான் லிஸ்டாக எடுத்துக் கூட்டினால், 'ஒன்றுமில்லை' என்பதை எண்ணோடு கூட்ட முடியாது என்று புரோகிராம் பிழை சொல்லி நின்றுவிடும். நிற்பது நல்லதே, அங்கே நம்மைக் கேட்கிறது. ஆனால் பிழைச் செய்தி தொந்தரவாக இருக்கிறதென்று, காலியாக இருந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள் என ஒரு சொல் சேர்த்துவிட்டால் போதும். புரோகிராம் முணுமுணுக்காமல் 300ஐ ஐந்தால் வகுத்து 60 என்று சொல்லும். வகுப்பின் சராசரி 15 குறைந்தது மட்டுமா? காய்ச்சலில் படுத்திருந்த பெண் ஒன்றுமே எழுதத் தெரியாதவளாகப் பதிவாகிறாள். அவளுடைய அட்டையில் அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கிற தகப்பனார் கணிப்பொறி பொய் சொல்லாது என்று நம்புகிறவராக இருந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கரும்பு அட்டவணையிலும் இதே கதைதான். காற்றில் வந்த மகரந்தத்தால் உண்டான இனத்துக்குத் தந்தை தெரியாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதே நேர்மை.

பெயர்களிலும் இப்படி ஒரு வில்லங்கம் உண்டு. அதுவும் நம்மைப் போன்ற பள்ளிகளில் அதிகம். டி'குரூஸ், டி'சூசா என்ற வீட்டுப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே மேற்குறி வருகிறதல்லவா? எஸ்.கியூ.எல். மொழியில் எழுத்துத் தொடரின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டுவதும் அதே குறிதான். பெயரை அப்படியே கேள்விக்குள் ஒட்டிக் கொடுத்தால், பெயர் 'டி' யோடு முடிந்தது என்று தரவுத்தளம் எண்ணிக்கொண்டு மிச்சத்தைக் கட்டளையாக வாசிக்கப் பார்க்கும். பாவம், அந்தப் பெண் மட்டும் எந்தப் பட்டியலிலும் வர மாட்டாள். கெட்ட எண்ணம் உள்ளவர்கள் இதே ஓட்டையில் கையை விட்டு அட்டவணையை அழித்துவிடவும் கூடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் எழுதி, பெயரைத் தனியாகக் கொடுத்துவிட்டால் இரண்டு ஆபத்தும் நீங்கும்.

நம் பள்ளியில் படித்துச் சென்று இன்று சரவணம்பட்டிப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் அக்காமாருக்கு இந்தக் கதை வேறு பெயர்களில் தெரியும். அவர்களில் பலர் கையாளும் சி ஷார்ப் மொழியில் 'டேட்டாடேபிள்' என்று ஒன்று உண்டு. தரவுத்தளத்திலிருந்து எடுத்த அட்டவணையை அப்படியே நினைவகத்தில் வைத்திருக்கும் பொருள் அது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 2002இல் வெளிவந்தபோதே இருந்தது. அந்த நாளில் அதன் வரிகள் 'ஏதோ ஒரு பொருள்' என்ற பொதுப் பெயரோடே ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வரி என்ற அடையாளச் சீட்டு இல்லை. 2007ஆம் ஆண்டு இறுதியில் 'லிங்க்' என்ற வசதி வந்தது. தொகுப்பிலிருந்து வேண்டியதை வடிகட்டவும், வரிசைப்படுத்தவும், குழுவாகப் பிரிக்கவும் மிக அழகான வழி அது. ஆனால் அடையாளச் சீட்டோடு வரும் தொகுப்பை மட்டுமே அது உள்ளே விடும். பழைய டேட்டாடேபிள் வாசலில் நின்றது. அதற்காகவே 'ஆஸ் எனுமரபிள்' என்று ஒரு சிறு பாலம் சேர்த்தார்கள். அது வரிகளை நகல் எடுப்பதில்லை. இருக்கிற வரிகளுக்கே சீட்டுக் கட்டி ஒவ்வொன்றாக வெளியே விடுகிறது. நகல் வேண்டுமென்று நினைத்துக்கொண்டு அதை அழைப்பவர்கள் பின்னால் ஏமாறுவார்கள்.

டேட்டாடேபிளில் நாங்கள் ரசித்த ஒரு செய்தி: ஒரு வரியை நீக்கு என்று சொன்னால் அது உடனே போய்விடாது. நீக்கப்பட்டது என்ற முத்திரையோடு அங்கேயே இருக்கும். மாற்றங்களை ஏற்றுக்கொள் என்று சொன்ன பிறகுதான் மறையும். நடுவருடத்தில் டி.சி. வாங்கிப் போன பெண்ணின் பெயரில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தாலும் அவளுடைய எண் அந்த வருடம் முழுவதும் பதிவேட்டில் இருக்கிறதே, அதைப் போல. சுற்றில் நடந்து வரும்போது அந்த வரியும் வரும். அதன் கட்டத்தைத் தொட்டால் புரோகிராம் பிழை சொல்லும். ஆகவே அத்தகைய வரிகளை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். வரிசையில் நடந்துகொண்டே வரிகளைப் பிடுங்கி எறிவதும் கூடாது. ஆசிரியை பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தைக் கிழித்தால் அவர் எங்கே தொடர்வார்?

இன்னும் ஒன்று. கரும்பு வரிகளை நடந்துகொண்டே, ஒவ்வொரு கரும்பின் தாயைப் பற்றியும் தரவுத்தளத்திடம் தனித்தனியாகக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி ஒன்று, பிறகு வரிக்கு ஒன்றாக நான்கு. ஆக ஐந்து பயணம். நான்காயிரம் வரி இருந்தால் நான்காயிரத்து ஒன்று. அம்மா எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தக்காளிக்கு ஒரு தடவை, வெங்காயத்துக்கு ஒரு தடவை என்று காந்திபுரத்தில் பஸ் ஏறி உக்கடம் சந்தைக்குப் போய் வருபவரை யாரும் கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டோம். இரண்டு அட்டவணைகளையும் 'ஜாயின்' செய்து ஒரே கேள்வியாகக் கேட்டால் ஒரே பயணத்தில் முடியும். வரிகளைத் தொகுப்பாக்கிவிட்டோம் என்ற உற்சாகத்தில், தரவுத்தளம் செய்ய வேண்டிய வேலையையும் நாமே சுற்றுக்குள் இழுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் பெரியவர்களிடமும் இருக்கிறது என்று அக்காமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

வீட்டில் கணிப்பொறி உள்ள தங்கைகள் இதையெல்லாம் செலவில்லாமல் செய்து பார்க்கலாம். பைத்தானை நிறுவினால் அதனுடன் எஸ்க்யூலைட்டும் வந்துவிடும். தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். கரும்பு வேண்டாமென்றால் பாட்டியின் பலகாரக் குறிப்புகளை அட்டவணையாக்குங்கள். நாம் எழுதிய லிஸ்டிலிருந்து வரிகளை அட்டவணைக்குள் திருப்பி அனுப்பவும் 'எக்ஸிக்யூட்மெனி' என்ற கட்டளை இருக்கிறது. அதன்பின் 'கமிட்' சொல்ல மறந்து மூடிவிட்டால் எழுதியது எதுவும் தங்காது. மூடுவதற்கு முன் வேண்டியதை லிஸ்டாக எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பை மூடிய பிறகும் லிஸ்ட் கையில் இருக்கும், கர்சரிடம் 'அடுத்தது' என்று கேட்டால் பிழைதான் வரும்.